சுத்துறவன் தப்பா... நிக்கிறவன் தப்பா?

கூடைப்பந்து ஆட்டத்தில் விசில் ஊதுகிறவனுக்கு முக்கியமாக வேண்டிய தகுதி, காது கொஞ்சம் மந்தமாக இருப்பது. கண் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்குக் கண் இருப்பதாக ஆட்டக்காரர்கள் யாரும் ஒப்புக்கொண்டதே கிடையாது!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து சிமெண்ட் கோர்ட்டுகளில் சனி, ஞாயிறு சாயங்காலம் விசிலோடு நிற்கிற ஆசாமிகளில் நானும் ஒருவன். மற்ற நாட்களில் ஆபீஸ், ஃபைல், லோக்கல் ரயில். இத்தனை வருஷத்தில் என் காதில் விழுந்த வசனங்களில் பத்திரிகையில் அச்சடிக்கத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னா சார், நான்பாட்டுக்கு சுத்தினேன். அவன் வந்து குறுக்கால நின்னான். ஃபவுலு எனக்கா?"

நியாயமான கேள்வி. 'ஸ்பின் மூவ்' என்கிற அந்தச் சுழற்சி, கூடைப்பந்தில் பார்க்கப் பார்க்க அலுக்காத சமாசாரம். அதைச் செய்த பையனுக்கே 'ஆஃபென்ஸிவ் ஃபவுல்' கொடுத்தால், தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையை வெளியே அனுப்பின மாதிரி எல்லாரும் என்னை முறைக்கிறார்கள். நின்ற இடத்தில் விளக்கம் சொல்ல கோர்ட்டில் நேரம் கிடையாது. அதனால் இங்கே.

கூடைப்பந்து பக்கமே போகாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. காலை நேரத்து லோக்கல். எண்ணூரில் ஏறினீர்கள், கொருக்குப்பேட்டையில் இறங்க வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் பேப்பர் படிக்கிறார். நேராகப் போனால் அவர் நெஞ்சில்தான் மோத வேண்டும். என்ன செய்கிறீர்கள்? ஒரு காலை அவர் செருப்பை ஒட்டி ஊன்றி, முதுகை அவர் பக்கம் திருப்பி, அப்படியே அரைவட்டம் அடித்து அந்தண்டை வந்துவிடுகிறீர்கள். அதுதான் ஸ்பின். அப்போது உங்கள் தோள்பையும் கூடவே சுழன்று இன்னொருத்தர் மூக்கில் இடிக்கிறதே, அவர் உங்கள் பரம்பரையை விசாரிக்கிறாரே, அதுதான் ஃபவுல்!

கோர்ட்டில் இதையே பந்தோடு செய்ய வேண்டும். வலது கையால் தட்டிக்கொண்டு வலது பக்கம் பாய்கிறீர்கள். டிஃபெண்டர் பாதையை அடைக்கிறான். உடனே இடது காலை அவன் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றி, அவனுக்கு முதுகைக் காட்டி, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட்டு, இடது பக்கம் வெளியே வருகிறீர்கள். பந்து கையோடு ஒட்டின மாதிரி கூடவே சுற்றி வந்து கடைசியில் இடது கைக்கு மாறும். (பந்துக்கு அடியில் கையைக் கொடுத்து ஏந்தினால் அது வேறு தப்பு. பந்தைப் பிடித்துக்கொண்டு கணக்குக்கு மேல் அடி வைத்தால் 'டிராவலிங்'. அவை தனி வழக்கு. இன்றைக்கு மோதல் வழக்கு மட்டும்.)

எங்கள் வடசென்னை குத்துச்சண்டைக்குப் பேர் போன இடம். அந்த ஆட்டத்தில் எதிராளிக்கு முழுசாக முதுகைத் திருப்பினால் அதுவே ஃபவுல். புறமுதுகு காட்டின பிள்ளையைப் பற்றிச் சங்ககாலத்துத் தாய்மார்கள் என்ன நினைத்தார்கள் என்று ஸ்கூலிலேயே படித்திருக்கிறோம். முதுகு காட்டினால் கைதட்டல் வாங்குவது கூடைப்பந்தில்தான்.

ஆரம்பத்தில் அதுவும் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி வாத்தியார் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது வைத்தது 13 விதிகள். பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது. தோளால் இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே, காலை இடறாதே. ஒருமுறை மீறினால் ஃபவுல். மறுமுறை மீறினால் அடுத்த கூடை விழும் வரை வெளியே உட்கார வேண்டும். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் நமக்கும் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஆரம்பித்தார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான்.

சுழற்சியைக் கலையாக்கினவர் என்று எல்லாரும் கைகாட்டுவது ஏர்ல் மன்ரோவை. 1967-ல் பால்டிமோர் அணிக்கு வந்து, பிறகு நியூயார்க் நிக்ஸுக்குப் போனவர். செல்லப் பெயர் 'முத்து'. அப்புறம் ஹகீம் ஒலாஜுவன். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு வந்தவர். கூடைக்குப் பக்கத்தில் தோளை ஒரு பக்கம் ஆட்டி மறுபக்கம் திரும்புவார். எதிராளி டீ குடிக்கப் போன மாதிரி எங்கேயோ நிற்பான். 1994, 1995 இரண்டு வருஷமும் ஹூஸ்டன் அணிக்குக் கோப்பை.

இவர்களைப் பார்த்து நம்ம பையன்கள் சுற்றுவதைக் கற்றுக்கொண்டார்கள். சுற்றுவதற்கு முன்னால் அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் வில்லங்கமே அங்கேதான்.

சரி, விதிக்கு வருவோம். நம்ம ஊரில் செல்லுபடியாவது 'ஃபிபா' என்கிற உலக சம்மேளனத்தின் புத்தகம். ஒவ்வொரு ஆட்டக்காரனைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிண்டர் இருக்கிறது என்கிறது அது. கேஸ் சிலிண்டர் இல்லை ஸ்வாமி! தரையிலிருந்து மேலே எழும்புகிற ஒரு உருளை. டிஃபெண்டருக்கு முன்பக்கம் உள்ளங்கை வரை, பின்பக்கம் புட்டம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் ஓரம் வரை. அது அவன் பட்டா நிலம். அதற்குள் அவன் நிற்கலாம், செங்குத்தாகக் குதிக்கலாம். பந்து வைத்திருக்கிறவனுக்கும் இதே மாதிரி ஒரு பட்டா உண்டு. யார் தன் பட்டாவை விட்டு அடுத்தவன் பட்டாவுக்குள் போய் இடித்தானோ, அவன் மேல் கேஸ்.

அந்த இடம் அவன் பட்டா என்று ஆக, டிஃபெண்டர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எதிராளியைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். அந்த இடத்துக்கு இடிக்காமல் வந்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படி நின்றுவிட்டால், பிறகு சிலை மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம். அடி படாமல் இருக்கத் தன் சிலிண்டருக்குள்ளேயே உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம். மோதல் அவன் நெஞ்சில் நடந்தால், அந்த இடத்துக்கு அவன்தான் முதலில் வந்தான் என்று கணக்கு.

'அவன் நகர்ந்தான் சார்!' என்று கத்துகிறார்களே, அந்த வாதம் பெரும்பாலும் நிற்காது. நகர்வது தப்பில்லை. முன்னால் வந்து முட்டுவதுதான் தப்பு.

இன்னும் ஒரு வரி இருக்கிறது. கூடைப்பந்து ஆடுகிற ஒவ்வொருத்தனும் இதை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். பந்து இல்லாதவனை மறிக்கும்போது அவன் நிற்கவோ திரும்பவோ இடமும் நேரமும் கொடுக்க வேண்டும். பந்து கையில் இருக்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது! எந்த நொடியிலும் எவனாவது எதிரே வந்து நிற்பான் என்று அவன்தான் தயாராக இருக்க வேண்டும்.

இந்த வரியையும் சுழற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றுகிறவன் பாதி நேரம் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கண் இல்லாத அந்த அரை நொடியில் பின்னால் என்ன நடந்தாலும் பொறுப்பு அவனுடையது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றின டிரெய்லர் சந்தில் ரிவர்ஸ் எடுக்கிறது. டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. கிளீனர் கீழே இறங்கி பாடியைத் தட்டித் தட்டி, "வா வா வா... ரைட்ல ஒடி... ஹோல்டான்!" என்கிறார். அந்தத் தட்டல்தான் டிரைவருக்குக் கண். கிளீனர் இல்லாமல் ரிவர்ஸ் எடுத்து, பின்னால் நிற்கிற இட்லிக் கடை வண்டியை இடித்துவிட்டு, 'வண்டி ஏன் அங்க நின்னுச்சு?' என்று டிரைவர் கேட்டால் எப்படி இருக்கும்? கோர்ட்டில் அதைத்தான் தினமும் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சுழற்சியில் ஆஃபென்ஸிவ் ஃபவுல் வாங்கித் தருகிறவன் பெரும்பாலும் முதல் டிஃபெண்டர் இல்லை. அவனைத்தான் ஏமாற்றியாகிவிட்டதே! உதவிக்கு ஓடி வருகிற இரண்டாவது ஆள்தான் எமன். நீங்கள் முதுகைத் திருப்பினதைப் பார்த்ததும், வெளியே வரப்போகிற வாசலில் வந்து இரண்டு காலையும் ஊன்றிக்கொள்கிறான். நீங்கள் திரும்பி முடிக்கும்போது அவன் நெஞ்சு உங்கள் தோளுக்கு நேரே தயாராக இருக்கிறது. டமார்!

பெரிய பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 2019-ல் அமெரிக்க என்.பி.ஏ. கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் மில்வாக்கி முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டது. அதன் நட்சத்திரம் ஜியானிஸ், சுழன்று சுழன்று கூடைக்குப் போவதில் மன்னன். டொராண்டோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், அவரை ஒரே ஆளை வைத்துத் தடுக்கவில்லை. அவருக்கு எதிரே இரண்டு மூன்று பேராக மதில் கட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நெஞ்சு. அடுத்த நாலு ஆட்டமும் டொராண்டோவுக்கு.

எங்கள் பேட்டையில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு போட்டியில் கடைசி நிமிஷம். கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் பார்க்கிற பையன் ஒருவன். அன்றைக்கு அவனைப் பிடிக்க ஆளில்லை. டீம் ஒரு பாயிண்ட் முன்னால். இவன் பேரில் நாலு ஃபவுல். பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான், முதல் ஆளை வைத்துச் சுற்றினான் பாருங்கள், ஏர்ல் மன்ரோ பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்! வெளியே வந்த இடத்தில் எதிர் டீமின் நெட்டைப் பையன் இரண்டு காலும் தரையில், கை மேலே, நெஞ்சு நேரே. இடித்த வேகத்தில் அவன் மல்லாந்தான். நான் விசில் ஊதி, முஷ்டியை உயர்த்தி, இவன் டீம் கூடைப் பக்கம் காட்டினேன். ஐந்தாவது ஃபவுல். ஃபிபா விதிப்படி ஐந்து ஆனால் பெஞ்ச். (அமெரிக்க என்.பி.ஏ.வில் ஆறு. அங்கே ஆட்டமும் 48 நிமிஷம், நமக்கு 40.) பந்து எதிராளிக்குப் போனது. ஆட்டமும் போனது.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பெரிய டீமுக்கு ஆள் பார்க்கிறவர் வந்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்தப் பகுதியில் பந்து தட்டுகிற பையன்களுக்கு அது வெறும் ஆட்டம் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்கு ஆடினவர்; இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன், 2021-ல் பத்மஸ்ரீ. 2022 ஏப்ரலில் நேரு உள்விளையாட்டரங்கில் தேசியப் போட்டி நடந்தபோது ஆண்கள் பிரிவில் தமிழ்நாடுதான் சாம்பியன். இதையெல்லாம் பார்க்கிற பையனுக்கு, லாரி சத்தத்துக்கு நடுவில் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பதற்கு இன்னொரு வழி இருக்கிறது என்று தோன்றத்தானே செய்யும்?

ஆட்டம் முடிந்து அவன் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து, "நீங்க ஊதுனது கரீட்டா தப்பானு கேக்க வரல சார். நான் இன்னா பண்ணிருக்கணும், அத்த சொல்லுங்க" என்றான்.

விசில் ஊத ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு போனேன்.

அவனுக்குக் காட்டினதில் முதலாவது, பார்வை. காலை ஊன்றுவதற்கு முன்னாலேயே, எந்தப் பக்கம் வெளியே வரப் போகிறோமோ அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இரண்டாவது ஆள் அங்கே காலியாக நிற்கிறானா? அப்படியானால் சுற்றாதே, அவன் விட்டுவிட்டு வந்த ஆள் சும்மாதான் இருப்பான், அவனுக்குப் பந்தைக் கொடு. சுற்ற ஆரம்பித்த பிறகும் உடம்பு முந்திக்கொண்டு தலை பின்னால் வரக்கூடாது. கழுத்து முதலில் திரும்ப வேண்டும். பரதநாட்டியம் ஆடுகிற பெண்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

அடுத்தது கை. இதில்தான் நல்ல பையன்களும் தெரியாமல் திருட்டு வேலை செய்கிறார்கள். பந்து இடது கைக்கு மாறினதும் வலது கைக்கு வேலை இல்லை. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? டிஃபெண்டரின் இடுப்பை வளைத்து ஒரு கொக்கி போட்டு, அவனைப் பின்னால் இழுத்து, தன்னை முன்னால் தள்ளிக்கொள்கிறது. காசிமேட்டில் ஐஸ் பெட்டியைக் கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி! முழங்கையால் வளைப்பதும், கையை நீட்டித் தள்ளி இடம் பண்ணுவதும் பச்சையான ஆஃபென்ஸிவ் ஃபவுல் என்று புத்தகம் சொல்கிறது. இதற்கு டிஃபெண்டர் நெஞ்சைக் காட்டி நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கூட்டத்துக்கு இது தெரியாது. பின்னால் நிற்கிற ரெஃப்ரிக்கு மட்டும் தெரியும். அதனால்தான் அவருக்குத் திட்டு அதிகம்.

மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு, இடுப்பாலும் பின்பக்கத்தாலும் இடித்து இடம் வாங்குவது. காலை டிஃபெண்டரின் இரண்டு காலுக்கு நடுவே ஊன்றிச் சுற்றினால் இது நடக்காமல் இருக்காது. லேசாக உரசினால் யாரும் ஊத மாட்டார்கள். உரசாமல் ஸ்பின் போட முடியாது. அவன் நிலை குலைந்து இரண்டடி போனால்தான் விசில்.

வடசென்னைக் கோர்ட்டுகளுக்கென்று ஒரு தனிப் பிரச்னை தரை. லாரிப் புழுதி, கடற்கரை மணல் எல்லாம் சிமெண்டில் படிந்திருக்கும். 2011-ல் ஹைகோர்ட் உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூர் பக்கம் போகிற வரை ராயபுரத்தில் கொடியில் காய்கிற வெள்ளை வேட்டிகூடச் சாம்பல் நிறம்தான். ஊன்றின கால் இந்தப் புழுதியில் ஒரு சாண் வழுக்கினாலும் சுழற்சியின் வட்டம் பெரிதாகி, வெளியே நிற்கிறவன் மேல் போய் விழும். துடைப்பம் எடுத்துக் கோர்ட்டைக் கூட்டினாலே பாதி ஃபவுல் குறையும் என்பது என் அபிப்பிராயம். கூட்டச் சொன்னால் எல்லாருக்கும் முதுகு வலிக்கிறது.

இத்தனை நேரம் சுற்றுகிறவனையே குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்துவிட்டேன். நிற்கிறவர்கள் எல்லாரும் காந்தி இல்லை. சுற்றி முடித்து அவன் தலையும் தோளும் டிஃபெண்டரைத் தாண்டிவிட்ட பிறகு, தோற்றுப் போனவன் கடைசி நேரத்தில் இடுப்பையோ முட்டியையோ நீட்டினால் ஃபவுல் டிஃபெண்டருக்குத்தான். (அமெரிக்கப் பள்ளி ஆட்டத்தின் விதிப் புத்தகம் இந்தத் தலை, தோள் கணக்கை எழுதியே வைத்திருக்கிறது.) சுற்றினவன் தரையை விட்டு எழும்பின பிறகு அவன் பாதையில் புதிதாக வந்து நின்றாலும் அப்படித்தான். அவன் ஆகாயத்தில் இருக்கிறான், பிரேக் போட முடியாது. அப்போது ரெஃப்ரி இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, சண்டைக்கு வந்த மாமியார் மாதிரி நின்று காட்டுவார். 'பிளாக்கிங்' என்று அர்த்தம். முஷ்டியால் உள்ளங்கையில் குத்திக் காட்டினால் 'சார்ஜிங்'. இடித்தவன் பந்து வைத்திருந்தவன்.

அப்புறம் சினிமாக்காரர்கள்! காற்று பட்டாலே 'அம்மா' என்று மல்லாந்து, மூன்றடி சறுக்கி, ஒரு கண்ணைத் திறந்து ரெஃப்ரியைப் பார்க்கிறவர்கள். விழுந்தான் என்பது சாட்சியே இல்லை. நான் பார்ப்பது இடிபட்டவன் முகத்தை அல்ல, இடிப்பதற்கு முன்னால் அவன் பாதத்தை. நடிப்புக்கு எச்சரிக்கை, அதற்கு மேல் போனால் டெக்னிக்கல் ஃபவுல் என்று விதியும் வந்துவிட்டது.

அந்த யார்டு பையன் இப்போதும் சுற்றுகிறான். ஒரு ஆட்டத்தில் ஆறேழு தடவை சுற்றினவன் இரண்டு தடவைதான் சுற்றுகிறான். மற்ற நேரம் பாதி சுற்றின மாதிரி தோளைக் காட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறான். வாசலில் நெஞ்சை நிமிர்த்திக் காத்திருக்கிற இரண்டாவது ஆள், பஸ்ஸை விட்டவன் மாதிரி நிற்கிறான். போன மாதம் ஒரு செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

கடைசியாக, கூடைக்கு அடியில் இருக்கிற அரைவட்டம். கூடைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு, குதித்து வருகிறவனிடம் இடி வாங்கி ஃபவுல் சம்பாதிக்கிற பிழைப்பை ஒழிப்பதற்காகப் போட்ட கோடு அது. என்.பி.ஏ.வில் 1997-லேயே வந்தது, ஃபிபாவில் 2010-ல். கூடையின் மையத்துக்கு நேர் கீழிருந்து 1.25 மீட்டர். அதற்குள் நிற்கிற டிஃபெண்டர் மேல், ஷூட் பண்ண எழும்பினவன் இடித்தால் சார்ஜிங் கிடையாது. கொக்கி போட்டால் மட்டும் உண்டு. சுற்றி வருகிறவனுக்கு எவ்வளவு பெரிய உதவி பாருங்கள்!

எங்கள் கோர்ட்டில் அந்தக் கோடே இல்லாமல் இருந்தது. யார்டு பையனும் நானும் ஒரு கயிற்றை 1.25 மீட்டருக்கு அளந்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அவன் மறுமுனையில் பிரஷ்ஷைக் கட்டி வெள்ளை பெயின்டில் அழகாக இழுத்தோம். ஒரு வாரம்தான். இப்போது சாயங்காலத்தில் டீக்காரர் சைக்கிளை அந்த வட்டத்துக்குள் நிறுத்துகிறார். நிழலாக இருக்கிறதாம். இரண்டு சக்கரமும் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. அவர் மேல் யாராவது குதித்து விழுந்தால் விதிப்படி என்னால் ஆஃபென்ஸிவ் ஃபவுல் கொடுக்க முடியாது.